தள்ளிவிட்ட துடிப்புகள்

எங்க அக்காவுக்கு காலேஜ்ல பிள்ளைங்க வெச்ச பேரு பஞ்சு மேடம். பேரைக் கேட்டுட்டு மெத்து மெத்துன்னு ஒரு ஆளை நினைச்சுக்காதீங்க. அவ குரல் கேட்டா அடுத்த வகுப்புல தூங்கிட்டிருக்கிறவன்கூட எழுந்து பேனாவைத் திறந்துடுவான். பஞ்சுன்னு பேரு வந்தது வேற காரணத்தால.

அவ சொல்லிக் குடுக்கிறது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். அது என்னன்னு சொந்தக்காரங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும். "உங்க அக்கா டாக்டரா?" இல்லை. "அப்போ இன்ஜினியரா?" ஆமா, ஆனா பாலம் கட்டுறவ இல்லை. ஆஸ்பத்திரியில நோயாளி பக்கத்துல நின்னு பீப் பீப்னு கத்துதே, அந்த மாதிரி மெஷினை உருவாக்கவும் பழுது பார்க்கவும் பிள்ளைங்களுக்குக் கத்துக் குடுக்கிறவ. நான் மூச்சு விடாம இவ்வளவையும் சொல்லி முடிச்சதும், "அப்போ எங்க வீட்டு டிவியைப் பார்ப்பாங்களா?"ன்னு கேட்பாங்க. 

அந்தப் படிப்புல முதல்ல கை வைக்கிறதே இதயத்துலதான். நெஞ்சில ஸ்டிக்கர் ஒட்டி ஒயரை மாட்டினா துடிப்பு திரையில அலை அலையா ஓடும். சொல்றதுக்கு சுலபம். புதுசா வந்த பிள்ளைங்க ஒட்டினா அலை வராது, புழு நெளியும். "மேடம், சர்க்யூட் போச்சு"ன்னு ஒருத்தன் வருவான், "மேடம், ப்ரோக்ராம்ல தப்பு"ன்னு இன்னொருத்தி வருவா. அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டா. "தோலைத் துடைச்சியா?" அவ்வளவுதான் கேட்பா. ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால தோலை நல்லா தேய்ச்சுத் துடைச்சுட்டுத்தான் ஒட்டணும். வேர்வையோ எண்ணெய்ப் பசையோ இருந்தா ஸ்டிக்கர் பிடிக்காது. போய்த் துடைச்சுட்டு ஒட்டினா அலை அழகா வந்து நிக்கும். பெரும்பாலும் அவ சொன்னதுதான் சரியா இருக்கும். அதான் பஞ்சு மேடம்.

நான் அடிக்கடி போன இடம் அந்த லேப். நீளமான அறை, சாம்பல் நிற மேஜைங்க, முதுகு சாய இடமில்லாத ஸ்டூலுங்க. மூலையில ஒரு கட்டில், அதைச் சுத்தி யார் வீட்டு ஜன்னல்லயோ தொங்கின பழைய திரைச்சீலை. துடிப்பைப் பதிவு பண்ணும்போது ஃபேனையும் டியூப் லைட்டையும் அணைச்சுடுவாங்க, இல்லேன்னா கரண்டோட இரைச்சல் ஒயர்ல ஏறிக்குமாம். ஃபேனை அணைச்சா கட்டில்ல படுத்திருக்கிறவனுக்கு வேர்க்கும், வேர்த்தா ஸ்டிக்கர் கழண்டுக்கும், கழண்டா மறுபடியும் துடைக்கணும். இந்தக் கூத்துக்கு நடுவுலதான் பிள்ளைங்க படிச்சு மேல வந்தாங்க.

அக்கா படிப்பு முடிச்சதும் கொஞ்ச காலம் ஆஸ்பத்திரி மெஷின் பழுது பார்க்கிற கம்பெனியில இருந்தா. அங்கே ஒருத்தரும் அவளைப் பக்கத்துல உட்கார வெச்சு இது இப்படின்னு சொல்லிக் குடுக்கலை. தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டா. நாமளாவது சொல்லிக் குடுப்போமேன்னு காலேஜுக்கு வந்தவ அங்கேயே வேரு விட்டுட்டா. கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்க்கான்னு கேட்டா, "பார்த்தேன்டி, எவன்கிட்ட இருந்தும் சிக்னல் சரியா வரலை"ம்பா. எங்க வீட்டு மாடியில குடியிருந்தா, சாப்பாடு கீழே எங்களோட. கடைசி வருஷப் பிள்ளைங்க ப்ராஜெக்ட் பண்ற மாசங்கள்ல சாப்பிடும்போதுகூட போன் காதோட ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தி அழுவா, ஒருத்தன் கெஞ்சுவான், ஒருத்தன் "ஓடிருச்சு மேடம், ஓடிருச்சு"ன்னு கத்துவான். "டீச்சரம்மா, சாப்பாடு ஆறுது"ன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போவார்.

எங்க வீட்டுக்காரருக்கு காலேஜ் வாசலுக்கு எதிர்லயே ஜெராக்ஸ் கடை. பிள்ளைங்களுக்கு அவர் ஜெராக்ஸ் அண்ணன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வர்ற மகாராஜாக்கள் அட்டையில காலேஜ் பேரையே தப்பா அடிச்சுக் கொண்டு வருவாங்க, இவர்தான் கண்டுபிடிச்சுத் திருத்துவார். ஒரு இடத்துல நிக்க மாட்டார், உட்கார்ந்தா கால் ஆடிக்கிட்டே இருக்கும். "கால்ல மோட்டார் வெச்சுத் தெச்சுட்டாங்க"ன்னு அக்கா கிண்டல் பண்ணுவா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர் வாசல்ல வந்து நிக்கிற பிள்ளைங்களை வெச்சே தீர்த்துக்கிட்டார்.

அந்த வருஷம் கடைசி வருஷத்துல ஒரு ஒல்லிப் பொண்ணு இருந்தா. அதிகம் பேச மாட்டா. ஸ்பிரிட் வாசனை பட்டா தும்முவா. பஞ்சு மேடத்தோட லேப்ல ஸ்பிரிட்டுக்குத் தும்முற பொண்ணு, நீங்களே யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்டுக்காரர்தான் அவளுக்கு தும்மல்னு பேர் வெச்சார், அதுவே நிலைச்சுப் போச்சு. அக்காவுக்கு அவள்னா தனிப் பிரியம். "இவ என்னைத் தாண்டிப் போயிடுவாடி"ன்னு என்கிட்ட சொன்னா. வேற யாரைப் பத்தியும் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை.

தும்மலோட ப்ராஜெக்ட் என்னன்னு எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். நோயாளி கையை அசைச்சாலோ இருமினாலோ அலை கோணலாயிடும். மெஷின் அதைப் பார்த்துட்டு ஏதோ ஆபத்துன்னு கத்தும். நர்ஸுங்க ஓடி ஓடி அலுத்துப்போய் கடைசியில மெஷினோட வாயையே அடைச்சுடுவாங்க. அது கூடாதுன்னு இந்தப் பொண்ணு ஒரு ப்ரோக்ராம் எழுதினா. ஒருத்தரோட துடிப்புங்களை எல்லாம் பார்த்து அவருக்குன்னு ஒரு சராசரி அலையை அது பிடிச்சு வெச்சுக்கும். அதோட ஒத்துப் போற துடிப்பைத் திரையில காட்டும். ஒத்துப் போகாததை அசைவுன்னு முடிவு பண்ணி ஓரமா ஒரு ஃபைல்ல தள்ளிடும். ஆள் குதிச்சாலும் திரையில கோடு சுத்தமா ஓடும்.

சோதிச்சுப் பார்க்க எல்லா வயசு ஆளும் வேணும். லேப்ல இருக்கிறது பூரா இளவட்டம். அதனால அக்கா எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டா. மத்தியானம் கடையைச் சாத்திட்டுப் போய் சட்டையைக் கழட்டிட்டு கட்டில்ல படுத்தார். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போன நானும் அங்கேயே நின்னு வேடிக்கை பார்த்தேன். திரையில கோடு கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஆனா தும்மல் முகம் மட்டும் சரியில்லை.

"மேடம், அண்ணனுக்கு மட்டும் நிறைய தள்ளுது."

"தோலைத் துடைச்சியா?"

"துடைச்சேன் மேடம்."

"மறுபடியும் துடை. அவருக்கு வேர்க்கும்."

மறுபடியும் துடைச்சா, தும்மினா, புது ஸ்டிக்கர் ஒட்டினா. "இப்பவும் அப்படித்தான் மேடம். ஒயரையும் மாத்திப் பார்த்துட்டேன்."

அக்கா இருந்த இடத்துல இருந்தே சிரிச்சா. "உங்க அண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதா? கால் ஆடுதா பாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கால் ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. லேப் முழுக்க ஒரே சிரிப்பு. "தும்மல், நான் ஆடாம இருக்கணும்னா என்னைக் கட்டித்தான் போடணும்"னு அவர் சொன்னதும் எனக்கும் சிரிப்பு தாங்கலை. அக்கா அந்தப் பொண்ணு தோளைத் தட்டிக் குடுத்தா. "இவ்வளவு ஆடுற மனுஷனுக்கே கோடு இவ்வளவு சுத்தமா வருது. உன் ப்ரோக்ராமுக்கு இதைவிட என்ன பரீட்சை வேணும்?" பொண்ணும் சரின்னு தலையாட்டிட்டா. தள்ளின ஃபைலைத் திறந்து அதுல என்னதான் இருக்குன்னு பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை.

ப்ராஜெக்டுக்கு முழு மார்க். நோயாளி பக்கத்துல வைக்கிற மெஷின் செய்யற ஒரு கம்பெனி வந்து பார்த்துட்டு, படிப்பு முடிஞ்சதும் இந்த ப்ரோக்ராமோட எங்ககிட்ட வந்து சேருன்னு தும்மலுக்கு வேலை குடுத்துட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரர் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம், "அந்த ப்ரோக்ராம்ல ஓடுறது என் இதயம்தான் தெரியுமில்ல"ன்னு பீத்திக்கிட்டு திரிஞ்சார்.

பரீட்சை நெருங்கின நேரம். ஒரு நாள் காலையில கடையைத் திறந்து, மெஷினைப் போட்டு, அது சூடாகட்டும்னு நின்னவர் அப்படியே சரிஞ்சுட்டார். பிள்ளைங்கதான் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. "முன்னாடி இதயத்துல ஏதாவது கோளாறு இருந்ததாம்மா?"ன்னு டாக்டர் கேட்டார். ஒண்ணும் இல்லையே, கல்லு மாதிரி இருந்தாரேன்னு சொன்னேன். அப்படித்தான் நான் நம்பினேன்.

வந்த சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒரு நாள் அக்கா மாடியில இருந்து இறங்கி வந்து என் எதிர்ல நின்னா. பேய் அறைஞ்ச மாதிரி முகம்.

"உட்காரு, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு லேப்ல எடுத்தோமே, அதுல தள்ளிவிட்ட துடிப்பை எல்லாம் திறந்து பார்த்தேன். அது அசைவு இல்லைடி."

ஒரு இதய டாக்டர்கிட்டயும் கொண்டு போய்க் காட்டியிருக்கா. நேரத்துக்கு முந்திக்கிட்டு வர்ற துடிப்பு, அதுவும் கொத்துக் கொத்தா வந்திருக்குன்னு அவர் சொன்னாராம். அன்னைக்கே யாராவது கொண்டு வந்து காட்டியிருந்தா உடனே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன்னும் சொன்னாராம். அப்படி அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாரான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லலையாம்.

அன்னைக்கு நான் அக்காவை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். உன் படிப்பு எதுக்கு, உன் பஞ்சு எதுக்கு, ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு மார்க் போடத் தெரிஞ்ச உனக்கு உன் கண்ணு முன்னாடி படுத்துக் கிடந்த ஆளைப் பார்க்கத் தெரியலையான்னு. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவ சாப்பாட்டை மாடிப்படியில வெச்சுட்டு வந்துடுவேன், முகம் குடுத்துப் பேச மாட்டேன். கோபம் இப்போ போயிடுச்சான்னு கேட்டா, போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவளா வந்து சொன்னாளே. மென்னு முழுங்கியிருந்தா இந்த ஜென்மத்துல எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதை நினைச்சுத்தான் மறுபடியும் அவளுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சேன்.

கடையை நானே திறந்தேன். வேற என்ன செய்யறது, வீட்ல உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தா பைத்தியம் பிடிச்சுடும். அப்போதான் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், "அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியக்கூடாது," அக்கா சொன்னா. "சின்னப் பொண்ணு. இப்போதான் வாழ்க்கையைத் தொடங்கப் போறா. ஒரு சாவைத் தூக்கி அவ தலையில வைக்கச் சொல்றியா? அன்னைக்கு லேப்ல அவ கேட்கத்தான் செஞ்சா, நான்தான் காதுல போட்டுக்கலை. என் தப்பு என்னோட போகட்டும்."

"அதே ப்ரோக்ராமைத்தானே கம்பெனியில போய் மெஷின்ல போடப் போறா? நாளைக்கு வேற எவ வீட்டுக்காரரோ படுத்திருப்பார். அதுக்கு என்ன பண்ணுவே?"

அவ தட்டோட எழுந்து போய்க் கை கழுவினா. திரும்பி வந்து, "பரீட்சை முடியட்டும், பக்குவமா சொல்றேன்"னா. நான் முந்திரிக்கொட்டை மாதிரி போய்ச் சொல்லிடுவேனோன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிக்கிட்டா. பரீட்சை முடிஞ்சுது. "ரிசல்ட் வரட்டும்"னா. ரிசல்ட் வந்துது. "சந்தோஷமா இருக்கிற நேரத்துல எப்படிடி சொல்றது? வேலையில சேரட்டும், ஒரு மாசம் போகட்டும்"னா. வகுப்புல மட்டும் ஆளே மாறிட்டா. தள்ளினதை முதல்ல காட்டு, கோட்டை அப்புறம் பார்க்கலாம்னு அடுத்த செட் பிள்ளைங்க உயிரை வாங்கினா. அதைக் கேட்க வேண்டியவ காதுல மட்டும் போடலை.

அந்தப் பொண்ணு கடைசி நாட்கள்ல கடைக்கு வந்தா. சர்டிஃபிகேட் காப்பி எடுக்கணும்னா. எடுத்துக் குடுத்த பிறகும் போகாம நின்னா. கண்ணுக்குக் கீழே கருவளையம், ஏற்கெனவே ஒல்லி, இப்போ குச்சியாயிட்டா.

"மேடம் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாக்கா?"

சத்தியம் என் வாயைக் கட்டிப் போட்டிருந்துச்சு. "என்கிட்ட ஏம்மா கேக்கறே? நேரா அவங்ககிட்டயே போய்க் கேளு. இப்போ ஸ்டாஃப் ரூம்லதான் இருப்பாங்க"ன்னு அனுப்பி வெச்சேன். போனா. சாயங்காலம் அக்காகிட்ட, பொண்ணு வந்தாளான்னு கேட்டேன். வந்தா, எனக்கு க்ளாஸ் இருக்குன்னு சொல்லிட்டேன்னா. அன்னைக்கு அந்த நேரத்துல அவளுக்கு ஒரு க்ளாஸும் கிடையாது. "முகத்தைப் பார்த்தா உளறிடுவேன்டி. பார்க்கலைன்னா சமாளிச்சுடுவேன்"னு அவளே சொன்னா. அதுக்கு முன்னாடியும் அந்தப் பொண்ணு பல தடவை வந்திருக்கா போல, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஏதோ சாக்கு. பிரிவு விழாவுல எல்லாப் பிள்ளைங்களோடயும் போட்டோ எடுத்தவ, தும்மல் கிட்ட வந்ததும் தலைவலின்னு கிளம்பி வந்துட்டா. 

போன் பண்றேன் பண்றேன்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓடிப் போச்சு. அந்தக் கம்பெனியில இருந்து மறுபடியும் ஆள் எடுக்க வந்தாங்க. வந்தவர்கிட்ட அக்கா, போன வருஷம் வந்த எங்க பொண்ணு எப்படி இருக்கான்னு விசாரிச்சிருக்கா. "அவங்க வந்து சேரவே இல்லையே மேடம். எவ்வளவோ போன் பண்ணோம், எடுக்கலை"ன்னு சொல்லிட்டார். அக்கா பையைக்கூட எடுக்காம ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தா. "கடையைச் சாத்து, வா போகலாம்"னா. எங்கேன்னு நான் கேட்கலை.

பஸ் பிடிச்சுப் போனோம். பொண்ணு வீடு ஒரு சந்துக்குள்ள, முன்னறையில தையல் மெஷினும் துணி மூட்டையும். அவங்க அம்மா அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நல்லா படிச்ச பொண்ணு மேடம். வேலைக்குப் போக மாட்டேன்னு ஒரே பிடிவாதம். காரணமும் சொல்ல மாட்டேங்கிறா. நீங்க கேட்டா சொல்லுவா மேடம், உங்க மேல உயிரையே வெச்சிருந்தா." கடைத்தெருவுல ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில இருக்கான்னு வழி சொன்னாங்க.

சின்னக் கடை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி நின்னு ஒரு பெரியவருக்கு ஃப்ரேமை மாட்டி விட்டுக்கிட்டு இருந்தா. எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்னுச்சு. பெரியவரை முதலாளிகிட்ட விட்டுட்டு வாசலுக்கு வந்தா. அக்கா நேரா விஷயத்துக்கு வந்துட்டா. இவ்வளவு நாளா தள்ளிப் போட்டதை மூச்சு விடாம சொல்லி முடிச்சா. ஃபைல்ல இருந்தது என்ன, டாக்டர் சொன்னது என்ன, தப்பு முழுக்க என்னுது, உன்மேல ஒரு துளிகூட இல்லைன்னு.

பொண்ணு குறுக்கே பேசாம கேட்டா. "தெரியும் மேடம்"னா.

"எப்படி?"

"அண்ணன் போன அன்னைக்கே திறந்து பார்த்துட்டேன். அதைச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். எத்தனையோ தடவை வந்தேன். நீங்க என் முகத்தையே பார்க்கலை." என் பக்கம் திரும்பினா. "கடைக்கு வந்தப்போ உங்க முகத்துலயும் எதுவோ இருந்துச்சுக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எல்லாரும் என்னாலதான்னு நினைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரியே ப்ரோக்ராமை அழிச்சுட்டேன்."

"ஐயோ கண்ணு, உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நான்..." அக்கா அவ பக்கம் ஒரு எட்டு வெச்சா.

நான் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சேன். "உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைம்மா. அவரும் இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பார்"னேன். அப்போதான் அவளுக்குக் கண்ணு நிறைஞ்சுது. நான் சொன்னதை நம்பணும்னு அவளுக்கு ஆசை. ஆனா ஒரு வருஷமா உள்ளே இறுகிக் கிடந்தது என் ஒரு வார்த்தைக்கு இளகிடுமா?

"வாம்மா, நான் கம்பெனியில பேசறேன். இல்லேன்னா லேப்லயே என்கூட இரு," அக்கா கெஞ்சினா. அவ யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"இனிமே ஒருத்தர் நெஞ்சில என்னால ஸ்டிக்கர் ஒட்ட முடியாது மேடம். முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்." கோபமே இல்லாம சொன்னா, "என்னைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நான் வேலைக்குப் போயிருப்பேன் மேடம்."

உள்ளே இருந்து முதலாளி கூப்பிட்டார். வர்றேன் மேடம்னு சொல்லிட்டு அவ போனா. அந்தப் பெரியவர் முகத்துக்கு நேரா கண்ணாடியைப் பிடிச்சு, இப்போ தெளிவா தெரியுதா ஐயான்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அக்கா வாசல்ல இருந்து நகர மாட்டேன்னு நின்னா, நான்தான் கையைப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.